காய்ச்சல் கண்ட சினை ஆடு குட்டி வீசுவது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆடு வளர்ப்போர் கால்நடை மருந்தகத்தில் வந்து கூறும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். "மூன்று நாள் நல்ல காய்ச்சல். மூக்கு ஒழுகிற்று. தீனி எடுக்கவில்லை. பிறகு தேறி மேய்ச்சலுக்குப் போயிற்று. போன நான்காம் நாள் குட்டியை வீசிவிட்டது." நான்கு மாதச் சினையில் இரட்டைக் குட்டிகள் போய்விடுகின்றன. அவற்றோடு அந்த ஈற்றின் பாலும் போய்விடுகிறது. பத்து ஆடு வைத்திருப்பவர் பட்டியில் மூன்று ஆடுகள் இப்படி வீசினால், அவ்வாண்டு அவருக்கு ஆட்டிலிருந்து வரவேண்டிய வருமானத்தில் பெரும் பகுதி மண்ணில் புதைந்துவிட்டது என்று பொருள்.

காய்ச்சல் கடுமையாக இருந்த நாட்களில் தாங்கிய ஆடு, தேறிய பிறகு ஏன் குட்டியை வீச வேண்டும்? பலரும் இதைக் கண்ணேறு என்பர். மேய்ச்சலில் மற்றோர் ஆடு முட்டியிருக்கும் என்று கூறுவோரும் உண்டு. உண்மையான காரணம் ஆட்டின் இரத்தத்தில் ஓடும் சில ஹார்மோன்களில் இருக்கிறது. அவை எங்கே சுரக்கின்றன, நச்சுயிரி அதாவது வைரஸ் தாக்கும்போது அவற்றுக்கு என்ன நேருகிறது என்று தெரிந்துகொண்டால், காய்ச்சல் கண்ட சினை ஆட்டுக்கு எதைச் செய்யவேண்டும், அதைவிட முக்கியமாக எதைச் செய்யக்கூடாது என்பது விளங்கும்.

கருப்பையை அடக்கி வைக்கும் ஹார்மோன்

கருப்பை தசையால் ஆன பை. சுருங்கி விரிவது தசையின் இயல்பு. அந்தப் பைக்குள் ஐந்து மாதம் குட்டி அசையாமல் தங்கவேண்டுமானால், தசை சுருங்காமல் அடங்கியிருக்க வேண்டும். அவ்வாறு அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். இரத்தத்தில் இதன் அளவு இறங்காமல் இருக்கும் வரை கருப்பை அமைதியாக இருக்கும். கருப்பையின் வாயும் மூடியிருக்கும். அளவு இறங்கிவிட்டால் ஓரிரு நாளில் வலி கண்டுவிடும். உள்ளே இருக்கும் குட்டி முற்றியதா முற்றாததா என்று கருப்பை பார்ப்பதில்லை.

புரோஜெஸ்டிரோன் இரண்டு இடங்களில் சுரக்கக்கூடும். ஒன்று சினைப்பை. பருவத்தின்போது முட்டை வெளிப்பட்ட இடத்தில் சினைப்பையின் மேல் ஒரு சிறு திரட்சி உண்டாகிறது. பசுவில் இது மஞ்சள் நிறமாக இருப்பதால் மஞ்சள் திரள் என்று பெயர் பெற்றது. மற்றோர் இடம் நஞ்சுக்கொடி. ஈன்றபின் விழும் கழிவு என்றே நஞ்சுக்கொடியை நாம் எண்ணுகிறோம். சினைக்காலம் முழுவதும் அது தாய்க்கும் குட்டிக்கும் இடையே உணவும் காற்றும் கடத்துகிறது. அத்துடன் ஒரு பெரிய சுரப்பியாகவும் வேலை செய்கிறது. ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடியில் காணப்படும் பொத்தான் போன்ற முண்டுகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பசுவில் இவை 70 முதல் 120 வரை இருக்கும். தாயின் கருப்பைச் சுவரும் குட்டியின் சவ்வும் பின்னிப் பிணையும் இடங்கள் இவை. இங்கே இரட்டை உட்கரு கொண்ட தனி வகை உயிரணுக்கள் உண்டு. அவை குட்டியின் பக்கத்திலிருந்து நகர்ந்து சென்று தாயின் உயிரணுக்களோடு ஒன்றாகக் கலந்து, தம்மிடமுள்ள ஹார்மோன்களைத் தாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன.

கரு தாய்க்கு அனுப்பும் முதல் செய்தியே வியப்புக்குரியது. கருத்தரித்த இரண்டு வாரத்துக்குள், "நான் இங்கே இருக்கிறேன், மஞ்சள் திரளைக் கரைத்துவிடாதே" என்று கருவின் மேலுறை ஒரு புரதத்தைச் சுரக்கிறது. செம்மறியாட்டில் கண்டறிந்த இந்தப் புரதம் இன்டர்ஃபெரான் இனத்தைச் சேர்ந்தது என்று 1987 இல் தெரியவந்தது. இன்டர்ஃபெரான் என்பது நச்சுயிரியை எதிர்க்க உடல் தயாரிக்கும் பொருள். நோயெதிர்ப்புக்கென்று இருந்த பொருளையே ஆடு மாடு இனங்கள் சினையை அறிவிக்கவும் பயன்படுத்திக்கொள்கின்றன. சினையும் நச்சுயிரி எதிர்ப்பும் உடலுக்குள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை இதிலிருந்து அறியலாம்.

வெள்ளாடு வேறு, செம்மறி வேறு

ஒரே பட்டியில் நிற்பதால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். சினையைத் தாங்கும் முறையில் இவை இரண்டும் பெரிதும் வேறுபட்டவை.

செம்மறியாட்டில் சினையின் முதல் 50 நாள் வரைதான் மஞ்சள் திரளின் தயவு தேவை. அதன்பின் நஞ்சுக்கொடி தானே போதிய புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் மாதத்துக்குப் பிறகு சினைப்பைகளை அறுத்து எடுத்துவிட்டாலும் செம்மறியின் சினை கலைவதில்லை. பெண்களிடமும் ஏறக்குறைய இதே முறைதான். மூன்றாம் மாதத்துக்குள் நஞ்சுக்கொடி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

வெள்ளாட்டில் அப்படியில்லை. அதன் நஞ்சுக்கொடி பல ஹார்மோன்களைச் சுரந்தாலும் புரோஜெஸ்டிரோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. 150 நாள் சினையிலும், கடைசி நாள் வரை, மஞ்சள் திரளை நம்பியே வெள்ளாடு குட்டியைச் சுமக்கிறது. எந்த மாதத்தில் அந்தத் திரள் கரைந்தாலும் சினை கலைந்துவிடும்.

பசு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 200 நாள் வரை மஞ்சள் திரள் இன்றியமையாதது. அதன் பிறகு நஞ்சுக்கொடியும் தாயின் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

காய்ச்சல், பட்டினி, அதிர்ச்சி, தொலைதூரப் பயணம் ஆகியவற்றால் வெள்ளாடு எளிதில் குட்டி வீசுவதற்கு இந்த ஒற்றைப் பிடிமானமே பெருங்காரணம். தென்னாப்பிரிக்காவில் உரோமத்துக்காக வளர்க்கப்படும் அங்கோரா வெள்ளாடுகளில், குளிராலும் தீனிக் குறைவாலும் மட்டுமே சினையின் மூன்றாம், நான்காம் மாதங்களில் குட்டி வீசுதல் மிகுந்து காணப்பட்டது. அங்கே நச்சுயிரி எதுவும் தேவைப்படவில்லை.

நச்சுயிரி எவ்வாறு குறுக்கிடுகிறது?

நச்சுயிரிக் காய்ச்சல் வந்ததும் உடலின் எதிர்ப்பணுக்கள் அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சியின் போது சுரக்கும் பொருள்களில் புரோஸ்டாகிளாண்டின் என்பது ஒன்று. காய்ச்சலும் வலியும் உண்டாவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இதன் ஒரு வகையை, மஞ்சள் திரளைக் கரைப்பதற்கென்றே கருப்பையும் சுரக்கிறது. சினை பிடிக்காத ஆடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவது இதனால்தான். நோயின் வேகத்தில் இந்த வகை புரோஸ்டாகிளாண்டின் மிகுந்து சுரந்து சினைப்பையை எட்டினால், சினை ஆட்டிலும் மஞ்சள் திரள் கரையத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. வெளியே காய்ச்சல் தணிந்து ஆடு தேறியதுபோல் தோன்றும். உள்ளே பூட்டு கழன்றிருக்கும். தேறிய சில நாளில் குட்டி விழுவதன் மர்மம் பல நேரங்களில் இவ்வளவுதான். இவ்வகையில் விழும் குட்டி அழுகாமல், பார்ப்பதற்குப் புதிதாகவே இருக்கும். சில சமயம் உயிரோடு விழுந்து சற்று நேரத்தில் இறந்துபோவதும் உண்டு.

ஆட்டுக்கொல்லி நோயில் 40 முதல் 41 டிகிரி செல்சியஸுக்கும் மேல் காய்ச்சல் அடிக்கும். கண்ணும் மூக்கும் ஒழுகி, வாயில் புண் கண்டு, கழிச்சலும் நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். இந்நோய் முதன்முதலில் 1942 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் இனங்காணப்பட்ட இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1987 இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் ஆடுகளிடையே கண்ட நோய்தான் அது. அதுவரை இத்தகைய நோய் கண்டால் மாட்டு வெக்கை ஆட்டுக்கும் பரவிவிட்டதாகவே கருதப்பட்டது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் உறவுக்கார நோயான ஆட்டுக்கொல்லி இன்னும் ஒழியவில்லை.

வேறு சில நச்சுயிரிகள் இரத்தத்தின் வழியே நஞ்சுக்கொடியையே அடைந்துவிடுகின்றன. தாயையும் குட்டியையும் இணைக்கும் முண்டுகளில் அழற்சி ஏற்பட்டு, உணவு கடத்தும் வேலையும் ஹார்மோன் சுரக்கும் வேலையும் ஒருங்கே குறைகின்றன. பசுக்களின் மூக்கழற்சி நோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் இன நச்சுயிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பசு சளியும் காய்ச்சலுமாக ஒரு வாரம் இருந்துவிட்டுத் தேறிவிடும். நச்சுயிரியோ நஞ்சுக்கொடியில் தங்கியிருந்து, பல வாரம் கழித்துக் கன்றுக்குள் புகும். கன்று உள்ளேயே இறந்து, சில நாள் சென்றபின் அழுகிய நிலையில் விழும். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மாதச் சினையில் இவ்வாறு நிகழும். பழைய சளியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை; எனவே அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றுவதில்லை. சினை ஊசி போட்ட சில நாட்களில் இந்த நச்சுயிரி தாக்கினால் அது மஞ்சள் திரளிலேயே புண் உண்டாக்கி, புரோஜெஸ்டிரோனைக் குறைத்துவிடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. "ஊசி நிற்கவில்லை" என்று நாம் கூறும் பசுக்களுள் சிலவற்றுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

குட்டியும் பேசுகிறது

மேலே கூறியவை தாயின் பக்கத்துச் செய்திகள். எப்போது வெளிவர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குட்டிதான். இதைத் தெளிவாக்கியவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கிரகாம் லிக்கின்ஸ். 1960-களில் அவர் செம்மறியாட்டின் வயிற்றிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்துப் பார்த்தார். நாள் கடந்தும் தாய் ஈனவில்லை. மாறாக, குட்டிக்குக் கார்ட்டிசால் போன்ற ஹார்மோனைச் செலுத்தியபோது, நாள் ஆகும் முன்பே தாய் ஈன்றுவிட்டது. குறை மாதத்தில் பிறந்த அந்தக் குட்டிகளின் நுரையீரல் எதிர்பாராத அளவுக்கு விரிந்திருந்ததையும் அவர் கவனித்தார். குறை மாதப் பிரசவம் ஆகக்கூடிய தாய்மார்களுக்கு இன்று உலகெங்கும் போடப்படும் நுரையீரல் ஊசி இந்த ஆட்டு ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. ராஸ் ஹோவி என்பவருடன் சேர்ந்து அவர் நடத்திய சோதனையின் முடிவு 1972 இல் வெளியாயிற்று.

இதை வேறொரு பக்கத்திலிருந்து மெய்ப்பித்தது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மேய்ச்சல் நிலம். அங்கே ஒரு வகை மலைச் செடியைச் சினையின் 14 ஆம் நாளில் தின்ற செம்மறிகளுக்கு ஒற்றைக் கண்ணுடைய குட்டிகள் உருவாயின. மூளையோடு பிட்யூட்டரியும் கெட்டுப்போன குட்டிகளைச் சுமந்த தாய்கள் நாள் கடந்தும் ஈனாமல் நின்றன.

நடப்பது இதுதான். முற்றிய குட்டியின் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைப் பெருக்குகிறது. அந்தக் கார்ட்டிசால் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியை எழுப்புகிறது. அதுவரை புரோஜெஸ்டிரோனாக வெளிச்சென்ற பொருள் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. கருப்பையை அடக்கும் ஹார்மோன் குறைந்து, தூண்டும் ஹார்மோன் மிகுகிறது. புரோஸ்டாகிளாண்டினும் சேர்ந்துகொள்ள, வலி கண்டுவிடுகிறது. வெள்ளாட்டிலும் குட்டியின் கார்ட்டிசாலே தொடக்கம். முடிவில் மஞ்சள் திரள் கரைகிறது.

நச்சுயிரி தாக்கிய குட்டியும், தாயின் காய்ச்சலாலும் நஞ்சுக்கொடியின் அழற்சியாலும் காற்றும் உணவும் போதாமல் தவிக்கும் குட்டியும், அந்தத் துன்பத்தில் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. நஞ்சுக்கொடிக்கு இது எந்தக் கார்ட்டிசால் என்று தெரியாது. குட்டி முற்றிவிட்டது என்றே அது எடுத்துக்கொள்கிறது.

எல்லா நச்சுயிரியும் கருவைக் கலைத்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். மாடுகளின் நச்சுயிரிக் கழிச்சல் நோய், சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் கருவை அடைந்தால், கருவின் எதிர்ப்புச் சக்தி இன்னும் விழித்திராததால் நச்சுயிரியைத் தன் உடலின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிடும். ஹார்மோன்கள் குலையாமல் சினை தொடர்ந்து, கன்றும் பிறந்துவிடும். ஆனால் அந்தக் கன்று வாழ்நாள் முழுவதும் நச்சுயிரியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டிலில் பிற பசுக்கள் அடுத்தடுத்துக் கன்று வீசினால், நோஞ்சானாக நிற்கும் இத்தகைய கன்றின் மீதும் சந்தேகம் கொள்ளவேண்டும்.

காய்ச்சலுக்குப் போடும் ஊசியே கன்றை வீழ்த்தலாம்

இவ்வளவு விளக்கமும் எதற்கு என்றால், கிராமங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு தவறைச் சுட்டிக்காட்டவே. ஆட்டுக்கோ மாட்டுக்கோ காய்ச்சல் என்றதும் அருகில் ஊசி போடத் தெரிந்த எவரையாவது அழைக்கிறோம். அவர் பையில் எப்போதும் இருக்கும் மருந்துகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன். போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். மாடு தீனி எடுக்கும். எனவே அவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைக்கிறது.

டெக்ஸாமெத்தசோன் என்பது கார்ட்டிசால் இனத்தைச் சேர்ந்த, அதைவிடப் பன்மடங்கு வலுவான செயற்கை மருந்து. குட்டியின் கார்ட்டிசால் நஞ்சுக்கொடிக்கு என்ன கட்டளை இடுகிறதோ, அதே கட்டளையைச் சினையின் பிற்பகுதியில் இந்த ஊசியும் இடுகிறது. கடைசி மாதத்திலுள்ள பசுவுக்குப் போட்டால் இரண்டு மூன்று நாளில் கன்று ஈன்றுவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுவதும் வழக்கம். காலம் தவறிய பசுவை ஈனச் செய்ய மருத்துவர்கள் இதனை வேண்டுமென்றே பயன்படுத்துவது உண்டு. கருவி கூர்மையானது, யார் கையில், எந்த மாதத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொரு கேடும் உண்டு. இம்மருந்து எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால், முன்பு கண்ட ஹெர்பிஸ் நச்சுயிரி நரம்பு முடிச்சில் உறங்கிக்கொண்டிருந்தால் அது மீண்டும் விழித்தெழும்.

ஆகவே ஊசி போட யார் வந்தாலும், "இது இத்தனை மாதச் சினை" என்று முதலில் சொல்லவேண்டும். "கார்ட்டிசான் வகை மருந்து வேண்டாம்" என்று கேட்டுப் பெறவும் தயங்கக்கூடாது. மருத்துவரிடம் சென்றால் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே தடுக்கும் காய்ச்சல் மருந்துகளுள் பொருத்தமானதைத் தருவார். காய்ச்சல் கண்ட முதல் நாளே அது கிடைத்தால் பயன் அதிகம். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தபின் போடும் மருந்து, கழன்ற பூட்டை மீண்டும் மாட்டாது. வீட்டில் மனிதர்களுக்காக வாங்கி வைத்த டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் போடக்கூடாது. கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அம்மருந்து செலுத்திய மாடு இறந்தால், அதைத் தின்னும் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிகின்றன. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

"அப்படியானால் புரோஜெஸ்டிரோன் ஊசியைப் போட்டுக் குட்டியை நிறுத்திவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். குட்டி உயிரோடு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மருத்துவர் அதைப் பற்றி முடிவு செய்யலாம். உள்ளே இறந்துவிட்ட குட்டியை இந்த ஊசியால் அடக்கி வைத்தால், அது அழுகித் தாயின் உயிருக்கே கேடாகும்; அல்லது வற்றிப்போய் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே இது சொந்த முடிவில் செய்யத்தக்க வைத்தியம் அன்று.

மடியும் நஞ்சுக்கொடியின் கையில்

குட்டி வீசிய ஆடு பால் தராதது ஏன் என்பதற்கும் விடை நஞ்சுக்கொடியில்தான் இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்றுக்கு நஞ்சுக்கொடிப் பாலூக்கி என்று பெயர் கூறலாம். மடியில் பால் சுரக்கும் நுண்ணறைகள் சினையின் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில்தான் பெருமளவு வளர்கின்றன. புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றோடு இந்தப் பாலூக்கியும் சேர்ந்து அந்த வளர்ச்சியை நடத்துகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் வெள்ளாட்டில் நஞ்சுக்கொடியின் அளவு அதிகம், பாலூக்கியும் அதிகம், அதனால் மடியும் பெரிதாகி, பாலும் கூடுகிறது. இரட்டை ஈனுவதற்குப் பேர்போன கன்னி, கொடி ஆடுகளை வைத்திருப்போர் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். இரண்டு குட்டிக்கு வேண்டிய பாலை, அந்த இரண்டு குட்டிகளின் நஞ்சுக்கொடியே முன்கூட்டி ஏற்பாடு செய்துவிடுகிறது.

மூன்று மாதத்தில் வீசிய ஆட்டின் மடி இந்த வளர்ச்சியைப் பெறாமலே நின்றுவிடுகிறது. பாலுக்கென்று கொடுக்கும் தீவனமும் கடலைப் புண்ணாக்கும் அந்த ஈற்றில் மடியை வளர்க்கமாட்டா. தீவனம் ஆட்டின் உடம்பைத் தேற்றும், அவ்வளவே. எட்டு மாதத்துக்கு மேல் சென்று வீசிய பசுவில் மடி பெரும்பாலும் உருவாகியிருக்கும், கறந்து பார்க்கலாம். எனினும் முழு ஈற்றின் அளவுக்குப் பாலை எதிர்பார்க்கக்கூடாது.

தடுப்பு: கிடா சேர்க்கும் முன்

நச்சுயிரியைக் கொல்லும் மருந்து கால்நடை மருந்தகத்தில் இல்லை. தடுப்பூசிதான் வழி. ஆட்டுக்கொல்லி நோய்க்கு நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசிகள் உள்ளன. அவற்றில் ஒன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில், அரசூரில் பிரித்தெடுத்த அதே நச்சுயிரியை வலுவிழக்கச் செய்து உருவாக்கியது. 1 மில்லி தோலுக்கு அடியில் போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பாதுகாப்பு அளிக்கும். நான்கு மாதம் நிறைந்த குட்டிகளுக்கும், பெட்டை ஆடுகளுக்குக் கிடா சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பும் போட்டுவிடுவது நல்லது. சினை ஆட்டைத் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளி ஊசி போடுவதே, வெள்ளாட்டைப் பொறுத்தவரை ஓர் அதிர்ச்சியாகிவிடும்.

செம்மறி வைத்திருப்போர் மழைக்காலத்தில் அஞ்சவேண்டியது நீலநாக்கு நோய். கொசுவினும் சிறிய ஒரு வகைக் கடி ஈ இதைப் பரப்புகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது பட்டி சேறாகித் தண்ணீர் தேங்கினால் இந்த ஈ பெருகும். இந்நோய்க்கான தடுப்பூசியில் உயிருள்ள வகை, கொன்ற வகை என்று இரண்டு உண்டு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950-களில் நடந்தது சான்று. அங்கே சினையின் இரண்டாம் மாதத்தை ஒட்டி உயிருள்ள தடுப்பூசி போடப்பட்ட செம்மறிகள், மூளை வளராமல் மந்தித்துப்போன குட்டிகளை ஈன்றன. வலுவிழந்த நச்சுயிரி தாயை ஒன்றும் செய்யவில்லை. நஞ்சுக்கொடியைக் கடந்து குட்டியின் மூளையை அரித்துவிட்டது. இந்தியாவில் பயன்படுத்தப்படுவது கொன்ற வகை. எந்தத் தடுப்பூசியானாலும் சினைப் பருவத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டே போடவேண்டும்.

பசு, எருமைகளுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசின் சார்பில் இலவசமாகப் போடப்படுகிறது. "சினை மாடு, ஊசி போட்டால் கன்று வீசிவிடும்" என்று கூறித் திருப்பி அனுப்புவோர் இன்றும் இருக்கிறார்கள். கோமாரி கண்டால் வரும் காய்ச்சலும் பட்டினியும் ஊசியால் வரும் ஒரு நாள் அசதியைவிடப் பன்மடங்கு கொடியவை. 2019 இல் ஒடிசாவில் முதலில் இனங்காணப்பட்டு நாடெங்கும் பரவிய தோல் கழலை நோயிலும், கடும் காய்ச்சலால் சினைப் பசுக்கள் கன்று வீசியதைப் பலரும் கண்டனர். இதற்கு ஆட்டம்மைத் தடுப்பூசி பயன்படுத்தப்படுகிறது.

சந்தையில் வாங்கி வந்த ஆட்டை அன்றைக்கே சினை ஆடுகளோடு சேர்த்து அடைப்பது ஆட்டுக்கொல்லியை விலை கொடுத்து வாங்குவதாகும். மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்துப் பார்க்கவேண்டும். இதற்குத் தனிக் கொட்டகை தேவையில்லை. அங்கிருந்து பட்டிக்குக் காற்று வீசாத பக்கத்தில், வேறு தண்ணீர்த் தொட்டியோடு ஒரு மரத்தடி போதும்.

வீசிவிட்டால்

வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது. நாய் இழுத்துச் செல்லவும் விடக்கூடாது. ஆட்டுக்கொல்லி மனிதருக்கு வராது என்பது உண்மை. ஆனால் இது நச்சுயிரியால் விழுந்ததா, கருவீச்சு நோய் என்னும் புரூசெல்லோசிஸால் விழுந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. பின்னது மனிதருக்குத் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் பல மாதம் வாட்டும். கருவுற்ற பெண்களை அந்தப் பக்கமே அனுப்பக்கூடாது. அந்த ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது.

இரண்டாவது ஆடும் வீசினால் காரணத்தைக் கண்டறிந்தே ஆகவேண்டும். குட்டியையும் நஞ்சுக்கொடியின் முண்டு உள்ள ஒரு பகுதியையும் கெட்டியான பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் கட்டியோடு வைத்து, அன்றே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குச் சேர்க்கவேண்டும். மருத்துவரின் துணைக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். நஞ்சுக்கொடியைத் தூர எறிந்துவிட்டுக் குட்டியை மட்டும் கொண்டுவருவோர் பலர். நோய்க்கான தடயம் பெரும்பாலும் அந்தக் கொடியில்தான் இருக்கும். மீதியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும்.

நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினால் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். முண்டுகள் இன்னும் பிரியத் தயாராகாத நிலையில் சினை கலைந்ததால்தான் அது தங்கியிருக்கிறது. இழுத்தால் கருப்பைச் சுவர் கிழிந்து இரத்தம் போகும். 12 மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரை அழைக்கவேண்டும்.

வீசிய ஆட்டை உடனே கசாப்புக்கு விற்றுவிட எண்ணுவோர், காரணம் தெரியும் வரை பொறுப்பது நல்லது. கருவீச்சு நோய் என்றால் அதைப் பட்டியிலிருந்து நீக்கத்தான் வேண்டும். ஆட்டுக்கொல்லி என்றால் கதை வேறு. அந்நோயில் பிழைத்த ஆட்டுக்கு அது மீண்டும் வருவதில்லை. இரண்டு பருவம் விட்டு, உடம்பு தேறியதும் மூன்றாம் பருவத்தில் கிடா சேர்த்தால், புதிய மஞ்சள் திரளோடு அந்த ஆடு மறுபடியும் சினை தாங்கும்.